மூணு இழைக் கயிறு

நாற்பத்தோரு நாள் ஊருணியிலிருந்து குடத்தில் தண்ணீர் சுமந்த ஆண்பிள்ளை நான். இதை நானே முதலில் சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் எங்கள் ஊர்க்காரன் எவனாவது, இடுப்பில் குடத்தோடு நான் நடந்த நடையை உங்கள் முன்னால் நடந்தே காட்டிவிடுவான். அந்த நாற்பத்தோரு நாளுக்கும் காரணம் ஒரு சாண் மஞ்சள் கயிறு. அதைக் கட்டியவர் எங்கள் ஊர் மருத்துவச்சி.

அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்க வேண்டும். ஊர்ப் பிள்ளைகளில் பாதிப் பேரை வாங்கிக் கீழே விட்ட கை அவருடையது. பெற்றவர்களாவது பெயரைக் கேட்டு வைத்திருக்கலாம், கேட்கவில்லை. நானும்தான். பெரியவர்கள் மருத்துவச்சி என்றார்கள், நாங்கள் அக்கா என்றோம், அதற்கே அவர் திரும்பிப் பார்த்ததால் விஷயம் அத்தோடு நின்றுவிட்டது. நாற்பது நாற்பத்தைந்து வயதிருக்கும். முருங்கைக்காய் மாதிரி உடம்பு. இடுப்பில் ஒரு சுருக்குப்பை. அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. எந்த வீட்டில் கஞ்சி கொடுத்தாலும் நின்றபடியே குடிப்பார். "உக்காந்து குடிங்கக்கா" என்றால், "உக்காந்தா மறுபடி எந்திரிக்கணும்ல, அந்த வேலை மிச்சம்" என்பார்.

அப்போது உலகச் சண்டைக் காலம். நான் ஆலங்குடியில் சைக்கிள் கடை வைத்திருந்தேன். கடை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். வாடகை சைக்கிள் நான்கு. புது டியூப் எங்கும் கிடைக்காததால், நான்கு சைக்கிளுக்கும் சேர்த்து ஆறு சக்கரத்தில்தான் காற்று நின்றது. ஆனாலும் கிழக்கே இரண்டு மைலில் இருந்த எங்கள் ஊருக்குள் நான் சைக்கிளில் நுழையும்போது, புதுக்கோட்டை அரண்மனையிலிருந்து நேராக வருகிறவன்போல முகத்தை வைத்துக்கொள்வேன்.

என் மனைவிக்கு மூத்தது பிறந்தபோது நாங்கள் செய்த மடத்தனத்தை இங்கே சொல்லியாக வேண்டும். அந்தப் பேற்றுக்கு இந்த மருத்துவச்சி ஊரில் இல்லை. வேறு யாரோ வந்து பார்த்தார்கள். பன்னிரண்டாம் நாளே அவள் குடத்தைத் தூக்கினாள். என் தாயார் அதைத் தப்பென்று நினைக்கவில்லை. "நாங்கள்லாம் பெத்த மூணாம் நாளே களைக்கொட்டு எடுத்தவங்க" என்பது அவர்களுடைய பெருமை. நான் ஏன் தடுக்கவில்லை என்றால், எனக்கு அது கண்ணிலேயே படவில்லை. குடம் தானாக நடந்து வந்து அடுப்படியில் உட்கார்ந்துகொள்ளும் என்று நினைத்திருந்தேன் போலிருக்கிறது. ஊருணிப் படியில் அவள் மயங்கி விழுந்தாள். அப்புறம் காய்ச்சல், பால் வற்றல், இரண்டு மாதம் படுக்கை. பிழைத்தாள், ஆனால் நகத்தில் பழைய சிவப்பு திரும்பவே இல்லை. "இன்னொரு தடவை இப்படி விழுந்தால் எழுப்ப முடியாது" என்று ஆலங்குடி ஆஸ்பத்திரி டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்.

இரண்டாவது பேறு கடலை பறிக்கிற சமயத்தில் வந்தது. அந்த மாதத்தில் எங்கள் பக்கம் பிணம்கூட எழுந்து கடலை ஆயும் என்பார்கள். காலை வெயில் ஏறியபோது வலி கண்டது. மருத்துவச்சி பக்கத்து ஊரில் ஒரு பிள்ளையைக் குளிப்பாட்டப் போயிருந்தார். சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தேன்.

"ஏறுங்கக்கா, பின்னால உக்காருங்க."

அவர் சைக்கிளை மேலும் கீழும் பார்த்தார். "எதைப் பிடிச்சுக்கிறது?"

"என்னையப் பிடிச்சுக்கங்க."

"ஒங்களை யாரு தம்பி பிடிச்சுக்கிறது?" என்று சொல்லிவிட்டு நடக்கத் தொடங்கினார்.

பாதி வழி செம்மண், மீதி வழி மணல். மணலில் சைக்கிள் ஓடாது என்பது எனக்கு மணலுக்குள் போன பிறகுதான் நினைவுக்கு வந்தது. நான் தள்ளிக்கொண்டு ஓடினேன். அவர் முன்னால் போய்க்கொண்டே இருந்தார். ஒரு வாய்க்கால் குறுக்கிட்டது. அவர் திரும்பி வந்து முன்சக்கரத்தைத் தூக்கினார், நான் பின்சக்கரத்தைத் தூக்கினேன். இப்படியாக மருத்துவச்சியை நான் சைக்கிளில் அழைத்து வரவில்லை. நானும் மருத்துவச்சியும் சேர்ந்து சைக்கிளை அழைத்து வந்தோம். நான் வாசலில் ஸ்டாண்டு போடுவதற்குள் உள்ளே பெண் குழந்தை அழுதது.

எல்லாம் முடிந்ததும் அவர் என் மனைவியின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார், நகத்தை அமுக்கிப் பார்த்தார். பிறகு ஒதுங்கி நின்று, சுருக்குப்பையிலிருந்து நூலை எடுத்துத் தொடையில் வைத்துத் திரித்தார். மஞ்சள் தடவி, அவளுடைய இடக்கை மணிக்கட்டில் கட்டினார். என் தாயாரைக் கூப்பிட்டு, சாமி சந்நிதியில் நிற்கிற குரலில் சொன்னார்.

"ஆத்தா, இது மூணு இழை. தானா அறுந்து விழணும். விழுறவரைக்கும் இந்தக் கை கொடம் தொடக்கூடாது, ஒலக்கை தொடக்கூடாது, அருவா தொடக்கூடாது. தெனம் உச்சிப்பொழுதுல சாமி வந்து இழையை எண்ணிப் பார்க்கும். அப்ப கட்டிக்கிட்டவ கண்ணு மூடித் தூங்கணும். முழிச்சிருந்தா சாமி கோவிச்சுக்கிட்டுப் போயிரும். போற போக்குல ஒங்க கடலைக்காட்டு வழியாப் போனாலும் போகும்."

என் தாயார் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "எத்தனை நாள்ல அறும், மருத்துவச்சி?"

"அது கயித்துக்கும் சாமிக்கும் உள்ள பேச்சு. நான் யாரு நடுவுல."

அன்றிலிருந்து வீட்டின் சட்டம் மாறியது. மூன்றாம் நாள் களைக்கொட்டு எடுத்த என் தாயார், மருமகள் தலையணையைத் திருப்பிப் போட்டாலே "கை, கை" என்று பதறினார். உச்சிப்பொழுதில் காக்காய் விரட்டினார், நாயை விரட்டினார். எங்கள் சேவல்கூட அவர் கண்ணைப் பார்த்துவிட்டுத்தான் கூவும். என் தாயாருக்குக் கடலைக்காடு. ஆகவே ஊருணியும் உலக்கையும் என் பங்குக்கு வந்தன. முதல் நாள் நான் குடத்தோடு படியேறியபோது ஊருணிக்கரையே எழுந்து நின்று வழிவிட்டது. மரியாதையால் அல்ல, தள்ளி நின்றால்தான் நன்றாகப் பார்த்துச் சிரிக்க முடியும். வரகு குத்திய கதையை நான் விரிவாகச் சொல்லப் போவதில்லை. உலக்கை உரலைத் தவிர மற்ற இடங்களிலெல்லாம் இறங்கியது. என் வலது கால் பெருவிரல் சாட்சி.

இதற்கிடையில் ஊரில் ஒரு வேடிக்கை நடந்தது. மேலத்தெருவில் பெரிய வீட்டு ஆத்தா என்று ஒருவர் இருந்தார். அவருடைய மருமகளுக்கும் அதே வாரத்தில் பிள்ளை பிறந்திருந்தது. அந்தப் பெண் நல்ல திடம். அவளுக்கு மருத்துவச்சி கட்டியது ஒற்றை இழை. எங்கள் வீட்டில் மூன்று இழை என்ற செய்தி மேலத்தெருவுக்குப் போயிற்று. பெரிய வீட்டு ஆத்தா மருத்துவச்சியைத் தெருவிலேயே மறித்துக்கொண்டார்.

"ஏன் மருத்துவச்சி, சைக்கிள் கடைக்காரன் பொண்டாட்டிக்கு மூணு இழை, எங்க வீட்டு மருமகளுக்கு ஒத்தை இழையா? நாங்க என்ன தாழ்ந்து போயிட்டமா?"

மருத்துவச்சி கண் இமைக்கவில்லை. "தப்புத்தான் ஆத்தா. ஒங்க அந்தஸ்துக்கு அஞ்சாப் போட்டுருவோம்."

போட்டுவிட்டார். ஊரில் ஐந்து இழை கட்டிய ஒரே வீடு என்ற பெருமை பெரிய வீட்டுக்குக் கிடைத்தது. இரண்டு மாதம் மருமகள் உச்சிப்பொழுதில் சாமிக்காகத் தூங்கினாள். பெரிய வீட்டு ஆத்தா தலையில் முக்காடு போட்டுக்கொண்டு தாமே களத்தில் உட்கார்ந்து கடலை ஆய்ந்தார். நான் குடத்தோடு போகும்போது அந்த மருமகள் ஜன்னல் வழியாக என்னைப் பார்த்துச் சிரிப்பாள். என் நடையைப் பார்த்துத்தான் என்று நினைத்துக்கொள்வேன்.

இருபத்தாறாம் நாள் எனக்குப் பொறுமை போயிற்று. கடையில் வேலை, வீட்டில் வேலை, கையில் கொப்புளம், பெருவிரலில் கட்டு. மனைவியோ கன்னத்தில் சதை வைத்து, நகத்தில் லேசாகச் சிவப்பு ஏறி, பிள்ளையோடு நிம்மதியாகத் தூங்குகிறாள். சந்தோஷப்பட வேண்டியவன் நான். ஆனால் நல்ல புத்தி எனக்கு எப்போதும் இரண்டு நாள் தாமதமாகத்தான் வரும். அன்று உச்சிப்பொழுதில், என் தாயாரும் அசந்திருந்த நேரம் பார்த்து, கடையிலிருந்து கொண்டுவந்த சின்ன அரத்தோடு மனைவியின் பக்கத்தில் மண்டியிட்டேன். அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்தால் போதும், சாமி அறுத்ததாகப் போய்விடும்.

கயிற்றை விரலால் தொட்டதும் எனக்குச் சந்தேகம் வந்தது. கம்பியும் கயிறுமாகப் புழங்குகிற கை அல்லவா. மஞ்சள் நூலுக்கு உள்ளே வேறு ஏதோ இருந்தது. நகத்தால் விலக்கிப் பார்த்தேன். கற்றாழை நார், நன்றாக முறுக்கேற்றியது.

"என்ன தம்பி, பஞ்சரா?"

வாசலில் மருத்துவச்சி நின்றுகொண்டிருந்தார்.

அரத்தை மடியில் செருகிக்கொண்டு அவர் பின்னால் மாட்டுக்கொட்டகைக்குப் போனேன். குற்றவாளி நான்தான், ஆனாலும் கேட்டுவிட்டேன். "அக்கா, உள்ள நாரு இருக்கு. இது சாமி கயிறா, நீங்க திரிச்ச கயிறா?"

"ரெண்டுந்தான். ஒங்க வீட்டம்மா கண்ணு காகிதம் மாதிரி வெளுத்துக் கெடந்துச்சு. நாப்பது நாளாவது படுக்கணும். அதுக்கு மூணு இழை, உள்ள நாரு. கீழத்தெருவுல ஒரு முரட்டு ஒடம்பு, அதுக்கு வெறும் நூலு, பதினஞ்சு நாள்ல போயிரும். இமையை இழுத்துப் பார்த்துத்தான் இழையைப் போடுவேன்."

"அப்ப உச்சிப்பொழுதுல சாமி வர்றது?"

"வந்தா வேணாம்னா சொன்னேன்?"

"ஏன்க்கா, ரெஸ்ட் எடுக்கணும்னு நேராச் சொல்லிட வேண்டியதுதானே?"

அவர் முகத்தில் இருந்த சிரிப்பு கொஞ்சம் இறங்கியது. "சொன்னேன் தம்பி. எட்டு வருசம் வாயாலதான் சொன்னேன். ஆத்தா, பச்ச ஒடம்பு, படுக்க விடுங்கன்னு ஒவ்வொரு வீட்லயும் சொன்னேன். தலையை ஆட்டுவாங்க. நான் தெருமுனை தாண்டுறதுக்குள்ள ஒலக்கைச் சத்தம் கேக்கும். ஒரே வருசத்துல மூணு பொண்ணுங்களை நானே குளிப்பாட்டிச் சுடுகாட்டுக்குத் தூக்கி விட்டேன். அதுக்கு அடுத்த பேறுலதான் கயிறு கட்டினேன். மனுசன் சொன்னா யாரு கேக்குறா? கயிறு சொன்னாக் கேக்குறாங்க." பிறகு பழைய குரலில், "நீங்க வாயை மூடிக்கிட்டுக் கொடத்தைத் தூக்குங்க. நடை இப்பத்தான் கொஞ்சம் திருந்தியிருக்கு."

"நீங்க எப்பக்கா தூங்குவீங்க?"

"எனக்கு யாரு கயிறு கட்டுறது?" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

பெரிய ரகசியத்தைத் தெரிந்துகொண்டவனாக மனைவியிடம் வந்து காதோடு சொன்னேன். அவள் பிள்ளையைத் தட்டிக்கொண்டே, "இது ஒங்களுக்கு இன்னைக்குத்தான் தெரியுமா?" என்றாள். கயிறு கட்டிக்கொண்ட அத்தனை பெண்களுக்கும் தெரியுமாம். தெரியாதவர்கள் மாமியார்களும் புருஷன்மார்களும்தான். பெரிய வீட்டு மருமகளின் சிரிப்பு அப்போதுதான் எனக்கு விளங்கியது. "ஆமா, நான் தூங்கும்போது என்னமோ அரம் மாதிரி தெரிஞ்சுச்சே" என்றாள். குடத்தை எடுத்துக்கொண்டு ஊருணிக்குப் போய்விட்டேன்.

நாற்பத்தோராம் நாள் காலையில் கயிறு தலையணை ஓரத்தில் கிடந்தது. என் தாயார் அதை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நானும் ஒற்றிக்கொண்டேன், எனக்கு வேறு காரணம்.

இரண்டு வருஷம் கழித்து, ஒரு நடுப்பகலில், மருத்துவச்சி என் கடை வாசலில் வந்து நின்றார். நின்றார் என்றால், தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். "தம்பி, கொஞ்சம் தண்ணி" என்றவர், அப்படியே சரிந்து உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. தொட்டுப் பார்த்தேன். உடம்பு அடுப்பாகச் சுட்டது, மூச்சு இரைத்தது. பத்து நாளாக இதே காய்ச்சலோடு நான்கு ஊருக்கு நடந்திருக்கிறார். வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். "நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது. மருந்து பாதி, படுக்கை பாதி. பதினைந்து நாள் எழுந்திருக்கக் கூடாது. எழுந்து நடந்தால் நான் பொறுப்பில்லை" என்றார் டாக்டர்.

"கீழத்தெருவுல ஒண்ணு நெறமாசமா இருக்கு" என்றார் மருத்துவச்சி.

அவரை வீட்டில் கொண்டுவந்து விட்டோம். மறுநாள் காலை என் மனைவி கஞ்சியோடு போனபோது, அவர் சுருக்குப்பையை இடுப்பில் செருகிக்கொண்டு சுவரைப் பிடித்தபடி வாசலுக்கு வந்துவிட்டாராம். இழுத்துப் படுக்க வைத்துவிட்டுக் கோபத்தோடு வந்தாள்.

"ஒரு கயிறு வேணும்" என்றாள்.

"நூலா, நாரா?"

"நூலானாலும் நாரானாலும் அவங்க கை பட்டா அவுந்துரும். எல்லாம் அவங்க திரிச்சதுதானே. அவங்க கைக்குத் தெரியாத சாமானா இருக்கணும்."

நான் யோசித்தேன். யோசிப்பது எனக்கு அபூர்வம். அதனால் விளைவும் அபூர்வமாகத்தான் இருந்தது. காற்று நிற்கிற ஆறு டியூபில் ஒன்றை எடுத்து, நீளவாக்கில் ஒரு பட்டை வெட்டினேன். சண்டைக் காலத்தில் டியூபை வெட்டுவது என்றால் என்னவென்று சைக்கிள் கடைக்காரனைத்தான் கேட்க வேண்டும். பட்டை முழுக்க மஞ்சளை அப்பினாள். ரப்பர் அறுகாது, நைந்து போகாது, நகத்தால் பிரிக்க முடியாது. என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

மீதி வேலையை அவளே பார்த்தாள். என் தாயாரிடம் போய், நூறு பிள்ளை எடுத்த மருத்துவச்சிக்கும் ஒரு கயிறு உண்டாமே என்று அப்பாவியாகக் கேட்டாள். என் தாயாருக்குத் தெரியாது என்று சொல்லி வழக்கமில்லை. "பின்ன, இல்லாமலா? எங்க ஆத்தா காலத்துலேர்ந்து உள்ள முறைதானே. கட்டாம விட்டாத்தான் இப்படிக் காய்ச்ச வரும்" என்று அவரே கிளம்பிவிட்டார்.

உச்சிப்பொழுதில் மருத்துவச்சி காய்ச்சல் மயக்கத்தில் கண்ணயர்ந்திருந்தபோது கட்டினார்கள். மூன்று முடிச்சு. அவர் கண் விழித்தபோது சுற்றிலும் பெண்கள். ஒரு காலத்தில் அவர் கையால் கயிறு கட்டிக்கொண்டவர்கள். பெரிய வீட்டு மருமகளும் இருந்தாள். தலைமாட்டில் என் தாயார், பக்கத்தில் பெரிய வீட்டு ஆத்தா. நான் வாசலில் நின்றேன்.

அவர் கையைத் தூக்கிப் பார்த்தார். "இதென்ன முறை?"

"நூறு பிள்ளை எடுத்த கைக்குக் கட்டுறது" என்றார் என் தாயார். "ஒனக்கே தெரியாதா, மருத்துவச்சி? தானா அறுந்து விழணும். விழுறவரைக்கும் எந்திரிக்கக்கூடாது."

"கீழத்தெருப் பொண்ணு..."

"நார்த்தாமலையில இருக்கிற ஒன் தங்கச்சியும் இதே வேலைதானே பார்க்குறா. எம்மகன் சைக்கிள்ல போயிக் கூட்டியாரட்டும்."

மருத்துவச்சி வாயைத் திறந்தார். அப்படி ஒரு முறை கிடையாது என்று சொல்ல ஒரு நொடி போதும். ஆனால் அதைச் சொன்னால், மற்றக் கயிறுகள் மட்டும் எங்கிருந்து வந்தன என்று இரண்டு மாமியார்களும் கேட்பார்கள். அவர் என் தாயாரைப் பார்த்தார், பெரிய வீட்டு ஆத்தாவைப் பார்த்தார், கடைசியில் என் மனைவியைப் பார்த்தார். அவள் மிகவும் பக்தியாக நின்றுகொண்டிருந்தாள். மருத்துவச்சி வாயை மூடினார். பிறகு கண்ணையும் மூடினார்.

நான் நார்த்தாமலைக்குச் சைக்கிளில் போனேன். அந்தத் தங்கையும் சைக்கிளை மேலும் கீழும் பார்த்தார், குடும்ப வழக்கம்போல. அவர் பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓடிய பஸ்ஸில் வந்து, கீழத்தெருவில் பிள்ளையை வாங்கிக் குளிப்பாட்டி, தாய்க்கு இரண்டு இழை கட்டி முடித்த பிறகு நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தேன்.

பதினைந்து நாளும் என் தாயார் மருத்துவச்சியின் வாசலில் காவல் இருந்தார். அந்த அம்மாள் தண்ணீர் குடிக்க எழுந்தால்கூட "கை, கை" என்ற சத்தம் தெருமுனை வரை கேட்கும். பதினாறாம் நாள் டாக்டர் கொடுத்த கடைசி மருந்தோடு நான் போனபோது, மூச்சு சீராகி, கண்ணுக்குக் கீழே இருந்த கருப்பு போய், வேறு யாரோ போல உட்கார்ந்திருந்தார். பத்து வயது குறைந்திருந்தது.

"ஒடம்பு சரியாயிருச்சு. ஆனா கயிறு அறுந்த பாடில்லையேக்கா" என்றேன். "ரப்பரு. நான் வேணும்னா கத்திரி கொண்டாரவா?"

அவர் வாசல் பக்கம் பார்த்தார். என் தாயார் கஞ்சி எடுத்துவரப் போயிருந்தார். மருத்துவச்சி இரண்டு விரலைப் பட்டைக்குள் விட்டார், இழுத்தார். அது வளையமாக விரிந்தது. கை சுலபமாக வெளியே வந்தது. என்னிடம் நீட்டினார்.

"பஞ்சர் ஒட்ட ஆகும், வச்சுக்கங்க."

ரப்பரை இழுத்தால் நீளும் என்பது, பத்து வருஷம் சைக்கிள் கடை நடத்தியவனுக்குத் தோன்றவே இல்லை. கையில் அந்தப் பட்டையோடு நின்றேன்.

"இப்பத்தான் கழட்டிப் பார்த்தீங்களாக்கா?"

"மொத நாளே பார்த்தேன். நீங்கள்லாம் அங்கிட்டுப் போன ஒடனே இழுத்தேன், வந்துருச்சு. திருப்பி மாட்டிக்கிட்டேன்."

"ஏன்க்கா?"

அவர் பாயில் கால் நீட்டிப் படுத்துக்கொண்டார். நல்ல உச்சிப்பொழுது.

"தூக்கம் வந்துச்சு, தம்பி."